கண்ணாடி அறை: கூரை முதலில், ஏசி கடைசியில்

வீட்டை ஒட்டிக் கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையுமாக எழுப்பும் கன்சர்வேட்டரி, கட்டிய முதல் வருடம் எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாம் வருடம் போய்ப் பார்த்தால் அங்கே துணி காய்ந்துகொண்டிருக்கும், ஓட்டாத சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்கும். கோடை மதியத்தில் உள்ளே நிற்க முடியாது. குளிர்காலத்துக் காலையில் தரையில் கால் வைக்க முடியாது. உடனே ஒரு ஏசி, ஒரு ஹீட்டர் வாங்கிப் போடுவார்கள். இரண்டும் ஓடும், கரண்ட் பில் ஏறும், அறை மட்டும் மாறவே மாறாது.

இந்த அறைகளைச் சரிசெய்கிறவர்கள் ஒரு வரிசையை விட்டு விலகுவதில்லை. வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும். மீறி வந்த சூட்டை மேல்வழியாக வெளியேற்ற வேண்டும். இடுக்குகளை அடைக்க வேண்டும். தரையைப் பார்க்க வேண்டும். மெஷின் வாங்குவது இதெல்லாம் முடிந்த பிறகுதான். வரிசையை மாற்றினால் ஏன் காசு வீணாகிறது என்பதற்கு 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை ஒன்றை வைத்துக் கணக்குப் போடலாம்.

மேகமில்லாத நாளில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் சூட்டைக் கொண்டுவருகிறது. நடுவே இடைவெளி விட்டு இரண்டு தகடு சேர்த்த இரட்டைக் கண்ணாடி, பூச்சு எதுவும் இல்லாத சாதாரண ரகம், அதில் 70 சதவீதம் வரை உள்ளே விட்டுவிடும். 12 சதுர மீட்டர் கூரை வழியாக மட்டும் 8 கிலோவாட்டுக்கு மேல் இறங்குகிறது. 2 கிலோவாட் ஹீட்டர் நான்கை ஒரே நேரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் ஏசி வெளியே தள்ளக்கூடியது 5 கிலோவாட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பக்கச் சுவர்களில் விழும் வெயிலை இன்னும் சேர்க்கவே இல்லை. ஏசி தோற்பது அதன் தரக்குறைவால் அல்ல.

எதையும் வாங்குவதற்கு முன்னால் இரண்டு தெர்மாமீட்டர் வையுங்கள். ஒரு நாளின் உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்திருக்கும் வகை, ஒன்றில் ஈரப்பதமும் காட்டினால் நல்லது. ஒன்று உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டரில். மற்றொன்று கூரை முகட்டுக்கு 30 சென்டிமீட்டர் கீழே. நேர் வெயில் இரண்டின் மீதும் படக்கூடாது. பட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். முகட்டில் இருப்பது கீழே இருப்பதைவிட 8 அல்லது 10 டிகிரி கூடுதலாகக் காட்டினால், சூடான காற்று மேலே சிக்கிக்கொண்டு வழி தேடுகிறது என்று அர்த்தம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, ஆனால் வெளியைவிட எக்கச்சக்கமாக இருந்தால், காற்று கலந்துகொண்டுதான் இருக்கிறது, உள்ளே வரும் வெயில்தான் அளவு மீறியது. குளிர்காலத்தில் ஹீட்டர் போடாத ஒரு இரவுக்குப் பிறகு விடியற்காலையில் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் வித்தியாசமே இல்லையென்றால், கண்ணாடியைக் குறை சொல்வதற்கு முன் இடுக்குகளைச் சந்தேகியுங்கள்.

அறை பார்க்கும் திசையும் முக்கியம். நிலநடுக்கோட்டைப் பார்த்த பக்கம் பாதகமில்லை. கோடையில் சூரியன் உயரமாக வருவதால் கூரையை மட்டும் மறைத்தால் பெரும்பாலும் போதும், குளிர்காலத்தில் தாழ்ந்த வெயில் சுவர் வழியாக வந்து அறையைச் சூடாக்கிக் கொடுக்கும். கிழக்குப் பக்கம் காலையில் சுடும், மதியம் ஆறிவிடும். தொல்லை பிடித்தது மேற்குதான். வெளிக்காற்றும் உச்சச் சூட்டில் இருக்கும் பிற்பகலில், சூரியன் தாழ்ந்து வந்து கூரை மறைப்புக்கு அடியிலேயே நுழையும். மேற்கு பார்த்த அறைக்குச் சுவர்ப்பக்கத் திரை இல்லாமல் விமோசனம் இல்லை.

வெயிலை எங்கே நிறுத்துவது

திரையைக் கண்ணாடிக்கு வெளியே போடுவதா, உள்ளே போடுவதா என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. உள்ளே போட்ட திரையைத் தொடும்போது வெயில் கண்ணாடியைத் தாண்டியாகிவிட்டது. திரை சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். அலுமினியப் பூச்சுள்ள வெள்ளை முதுகுத் திரை கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல ரகமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறையும். அடர்நிறத் திரை கண் கூசாமல் காப்பாற்றும், சூட்டை அவ்வளவாகக் குறைக்காது. வெளியே போடும் அடர்த்தியான வலைத்திரை முக்கால் பங்குக்கு மேல் நிறுத்திவிடும்.

வெளித்திரைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே 75 முதல் 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அதில் காற்று ஓட வேண்டும். பிராக்கெட்டைக் கூரைச் சட்டத்தில், உள்ளே இருக்கும் அலுமினியத்தில், திருக வேண்டும். சட்டத்தின் மேலே அமுக்கி மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியில் திருகினால் முதல் பலத்த காற்றிலேயே மூடியோடு பிய்த்துக்கொண்டு போகும், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் இறங்கும். மோட்டார் வைத்த திரையென்றால் காற்று சென்சார் இல்லாமல் வாங்க வேண்டாம். ஆள் இல்லாத மதியத்தில் காற்று கிளம்பினால் அது தானே சுருண்டுகொள்ள வேண்டும்.

வெளியே மாட்ட வழியில்லாதவர்கள் உள்திரையோடுதான் சமாளிக்க வேண்டும். அப்படியானால் திரையைக் கண்ணாடியோடு ஒட்டி, நாலாப்பக்கமும் அடைத்துப் போடாதீர்கள். மேலும் கீழும் 50 மில்லிமீட்டராவது விடுங்கள். நடுவில் அடைபட்ட காற்று கொதிக்க, கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரியும். சட்டத்துக்குள் புதைந்த ஓரம் குளிர்ந்தே இருக்கும். இந்த இழுபறியில் சாதாரணக் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடும். விரிசல் ஓரத்தில் செங்குத்தாகத் தொடங்கி உள்ளே போய் வளைந்தால் கல்லடி அல்ல, சூட்டு விரிசல் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். சூடாக்கிச் சட்டென்று ஆற்றி உறுதியாக்கிய, டெம்பர் செய்த கண்ணாடிக்கு இந்தப் பயம் குறைவு.

இதே காரணத்துக்காகத்தான் வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் விஷயத்திலும் நிதானம் தேவை. சூட்டை உறிஞ்சும் கருப்பு ரகத்தை இரட்டைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினால் கண்ணாடி அளவுக்கு மீறிச் சுடும். கம்பிவலை பதித்த கண்ணாடியில் ஒட்டவே கூடாது. உங்கள் கண்ணாடி என்ன வகை என்று சொல்லி, அதற்குப் பொருந்தும் என்று ஃபிலிம் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பதிலாகக் கூரையில் போடும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டில் சாதாரண ஃபிலிம் ஒட்டினால் தகட்டிலிருந்து கசியும் வாயு அடியில் சேர்ந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

இலையுதிர்க்கும் கொடி அல்லது மரம் வெளியே நின்றால் கோடை நிழல் இலவசம். ஆனால் மொட்டைக் கிளைகளும் குளிர்கால வெயிலில் கணிசமான பங்கை மறைக்கும் என்பதை மறந்துவிடுவார்கள். இலைகள் எல்லாம் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில்தான் வந்து விழும். வருடத்துக்கு இரண்டு முறை ஏணி போடத் தயாரென்றால் வளர்க்கலாம்.

மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய்

பக்கவாட்டு ஜன்னல் எத்தனை இருந்தாலும் கூரையில் ஒரு திறப்பு இல்லாவிட்டால் முகட்டில் சேர்ந்த சூடு நகராது. மேலே வெளியேற வழி, கீழே உள்ளே வர வழி, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. இரண்டுக்கும் நடுவே உயரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில்களுக்குக் கூரைத் திறப்பு தரைப்பரப்பில் 15 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். நம் 12 சதுர மீட்டர் அறைக்கு அது ஏறத்தாழ 2 சதுர மீட்டர். வீட்டு அறைகளில் பெரும்பாலும் இருப்பது அரை சதுர மீட்டருக்கும் குறைவு.

காற்றே வீசாத நாள், மேலும் கீழும் அரை அரை சதுர மீட்டர் திறப்பு, உயர வித்தியாசம் 2 மீட்டர், உள்ளே 5 கிலோவாட் வெயில். கண்ணாடி வழியே வெளியேறுவதைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் அறை வெளியைவிட 14, 15 டிகிரி கூடுதலாக நிற்கும். திறப்பை இரண்டு மடங்காக்கினால் 9 டிகிரிக்கு இறங்கும். திறப்பைத் தொடாமல் நிழல் போட்டு வெயிலை 2 கிலோவாட்டாகக் குறைத்தால் 8. இரண்டையும் செய்தால் 5. நிழலை முதலில் சொன்னதற்குக் காரணம் இந்த எண்கள்தான். திறப்பை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனால் கூரையில் ஓட்டைகளும் ஒழுகும் இடங்களும் பெருகும்.

கொசுவலை போட்டால் காற்றோட்டம் நன்றாகவே குறையும், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை. வலை போடுவதென்றால் திறப்பை அந்த அளவுக்குப் பெரிதாக வையுங்கள், அல்லது வலையைத் திறப்பைவிட அகலமான சட்டத்தில் வெளியே தள்ளி மாட்டுங்கள்.

கூரை ஜன்னலைத் திறக்க யார் தினமும் கம்பு பிடிப்பது? கண்ணாடிக் குடில்களில் பயன்படுத்தும் மெழுகு சிலிண்டர் ஒரு எளிய பொருள். உருளைக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து பிஸ்டனைத் தள்ளும், ஜன்னல் எழும். ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். கரண்ட் வேண்டாம். உருளையைத் திருகித் திறக்கும் சூட்டை 15 முதல் 25 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளலாம். மெழுகு உருகக் கால்மணி நேரம் ஆகும் என்பதால் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும். மழை வருவது அதற்குத் தெரியாது. சாதாரண மாடல்கள் தூக்குவது 7 கிலோ அளவுக்குத்தான். பாலிகார்பனேட் ஜன்னலுக்கு அது தாராளம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் சதுர மீட்டருக்கு 20 கிலோ, அரை சதுர மீட்டர் ஜன்னலே சட்டமில்லாமல் 10 கிலோ. அதில் இந்தச் சிலிண்டரை மாட்டினால் பாதி திறந்து நின்று, ஒரே பருவத்தில் பிஸ்டன் சீல் போய்விடும். அங்கே 24 வோல்ட் செயின் மோட்டாரும், மழை சென்சாரும், முகட்டுக்குக் கீழே ஒரு தெர்மோஸ்டாட்டும்தான் சரி. மழை சென்சார் தன்னைத்தானே சூடாக்கிக் காயவைக்கும் வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் பனி விழுந்த காலையிலெல்லாம் மழை என்று நினைத்து மூடியே கிடக்கும்.

உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க நினைத்தால் அளவைக் குறைக்காதீர்கள். 12 சதுர மீட்டருக்கு 2.6 மீட்டர் சராசரி உயரம் என்றால் 31 கன மீட்டர் காற்று. வெயில் நேரத்தில் மணிக்கு 30 முறையாவது மாற வேண்டும், ஆக 900 கன மீட்டருக்கு மேல். குளியலறை ஃபேன் மணிக்கு 100 தள்ளினால் பெரிய விஷயம். சீலிங் ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. உடம்பில் படும் காற்றால் 2, 3 டிகிரி குறைந்தது போல் தெரியும், அதுவே பல நாள் போதும். வெறும் அறையில் ஓடவிட்டால் மேலே இருக்கும் சூட்டைக் கீழே இறக்கும், அவ்வளவே.

கூரையை மாற்றுவதென்றால்

பழைய அறைகளில் 10 மில்லிமீட்டர் அல்லது 16 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கும். சூடு கடத்தும் அளவை யூ மதிப்பு என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் போகிறது என்பதுதான் அது, குறைந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடி 5.7 அளவு. பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடி 2.8. சூட்டை அறைக்குள்ளேயே திருப்பும் லோ-இ பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் உள்ள புதிய இரட்டைக் கண்ணாடி 1.1 அல்லது 1.2. பாலிகார்பனேட்டில் 10 மில்லிமீட்டர் சுமார் 3, 25 மில்லிமீட்டர் சுமார் 1.6. உள்ளே சூடு எளிதில் கடத்தாத காப்புப் பலகை வைத்து மூடிய கூரை 0.2க்கும் கீழே.

நம் அறையில் 20 சதுர மீட்டர் கண்ணாடிச் சுவர், வெளியே 0, உள்ளே 20 டிகிரி என்று கொள்ளுங்கள். பழைய கண்ணாடியும் 10 மில்லிமீட்டர் கூரையும் காற்று ஒழுகும் இடுக்குகளுமாக, தரையைச் சேர்க்காமலே 2250 வாட் போகும். புதிய கண்ணாடி, 25 மில்லிமீட்டர் கூரை, அடைத்த இடுக்குகள் என்றால் சுமார் 1000 வாட். ஹீட்டர் பாதியாகிறது.

கண்ணாடிக் கூரைக்கு மாறுகிறவர்கள் எடையை மறந்துவிடுவார்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. இரண்டு 4 மில்லிமீட்டர் தகடு என்றால் 20 கிலோ. 25 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் மூன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஐந்தாறு மடங்கு பாரத்தை அதே சட்டமும் அதே முகட்டு உத்தரமும் அதே அஸ்திவாரமும் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். கூரைக் கண்ணாடியின் உள்பக்கத் தகடு, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் ரகமாக இருக்கட்டும், உடைந்தாலும் தலையில் கொட்டாது. வெளிப்பக்கத்தில் வெயில் தடுக்கும் பூச்சுள்ள ரகம் 30, 40 சதவீத வெயில் சூட்டைத்தான் உள்ளே விடும். கூரைக்குப் பூச்சு, குளிர்கால வெயில் வேண்டிய சுவருக்குத் தெளிவான கண்ணாடி, இப்படிப் பிரித்துப் போடுவதுதான் எங்கள் தேர்வு.

முழுக்க மூடிய கூரை போட்டால் கோடை, குளிர் இரண்டும் தீர்ந்துவிடும், ஆனால் பக்கத்து அறை இருட்டாகும். கூரையில் நாலில் ஒரு பங்காவது கண்ணாடியாக விட்டு மூடுவது நல்ல சமாதானம்.

செலவு குறைவென்று ஒரு வேலை பரவலாக நடக்கிறது. பழைய பாலிகார்பனேட்டை அப்படியே விட்டு, அடியில் மரச்சட்டம் அடித்து, சூடு தடுக்கும் பல அடுக்கு ஃபாயிலை இழுத்து, பலகை போட்டு மூடிவிடுவது. முதல் குளிர்காலத்தில் ஆஹா என்றிருக்கும். அறையின் ஈரக்காற்று திருகு ஓட்டைகள் வழியாக மேலேறி, இப்போது முன்பைவிடக் குளிர்ந்துபோன தகட்டின் அடியில் நீராகப் படியும். சொட்டி மரத்தில் ஊறும், பலகையில் வட்ட வட்டமாக மஞ்சள் கறை, பின்னால் கருப்புப் பூசணம். இப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால் தகட்டுக்கும் காப்புக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் இடைவெளி, அது மழைநீர்க் கால்வாய் ஓரத்திலும் முகட்டிலும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். காப்புக்கு அடியில், அறைப்பக்கம், தையல்கள் எல்லாம் டேப் ஒட்டிய நீராவித் தடுப்புத் தாள் வேண்டும். விளக்குக்காக அந்தத் தாளில் ஓட்டை போடக்கூடாது, விளக்கைத் தொங்கவிடுங்கள்.

பாலிகார்பனேட் தகட்டின் ஓரத்தை ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே குழல் குழலாக ஓடுகிறதே, அதில் பச்சைப் பாசியோ செத்த பூச்சியோ தெரிந்தால் டேப் தவறு. மேல் ஓரத்துக்கு ஓட்டையில்லாத அலுமினிய டேப், கீழ் ஓரத்துக்கு நுண்ணிய துளையுள்ள வடிகட்டி டேப், அதன் மேல் வடிதுளை வைத்த மூடிப் பட்டை. நீராவி பாலிகார்பனேட் வழியாகவே மெல்ல ஊடுருவிக் குழலுக்குள் நீராகும், அது கீழே வடிய வேண்டும். இரண்டு ஓரத்துக்கும் ஒரே அலுமினிய டேப்பை ஒட்டிவிட்டால் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். தகட்டைக் கழற்றி, நிமிர்த்தி வைத்து, கம்ப்ரெசர் காற்றால் ஊதிக் காயவைத்து, புது டேப் ஒட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். குழல்கள் எப்போதும் சரிவின் போக்கில்தான் ஓட வேண்டும், குறுக்கே அல்ல. அச்சிட்ட பாதுகாப்புத் தாள் உள்ள பக்கம் வெளியே, அதில்தான் புற ஊதாக் கதிர்த் தடுப்பு இருக்கிறது. பொருத்தியதும் அந்தத் தாளை உரித்துவிடுங்கள். வெயிலில் சில வாரம் வெந்தால் பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.

தகடு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் விரியும். 3 மீட்டர் தகட்டுக்கு 9 மில்லிமீட்டர் இடம் விடாமல் இறுக்கினால் காலையில் வெயில் ஏறும்போதும் மாலையில் ஆறும்போதும் கூரை படார் படாரென்று சத்தம் போடும், பிறகு வளையும். சிலிக்கான் வைக்கும் இடங்களில் வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், அது பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். நியூட்ரல் ரகம் கேட்டு வாங்குங்கள். அமோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும்.

இடுக்கு, ஈரம்

காற்று அடிக்கும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஜன்னல் ஓரம், கதவின் அடி, கூரை வீட்டுச் சுவரில் சேரும் கோடு, சட்டங்களின் முனைமூடி என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை கலையும் இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். ஜன்னலுக்கு இன்னொரு சோதனை: ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் செத்துவிட்டது, அல்லது கீல் தளர்ந்துவிட்டது. புது ரப்பரை மூலையில் இழுத்து ஒட்டக்கூடாது. கொஞ்சம் தளர்வாக, நீளம் ஒரு சதவீதம் கூடுதலாக வெட்டி உள்ளே அமுக்க வேண்டும். இழுத்துப் போட்டது ஒரு குளிர்காலத்தில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும்.

கண்ணாடியில் வியர்ப்பதைப் பற்றிப் பயப்படுவதற்கு முன் எங்கே வியர்க்கிறது என்று பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் என்றால் சீல் போய்விட்டது, அந்தக் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றினால் போதும், சட்டத்தைத் தொட வேண்டாம். காலையில் வெளிப்பக்கம் என்றால் கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். உள்பக்கம் என்றால்தான் வேலை. 20 டிகிரி அறையில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால் 12 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேலும் நீர் படியும். வெளியே 0 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 5 டிகிரியில் இருக்கும், அது ஒழுகத்தான் செய்யும். பழைய இரட்டைக் கண்ணாடி 12.7, மயிரிழையில் தப்பும். ஆனால் அதன் ஓரத்தில் இருக்கும் அலுமினியப் பட்டை குளிரைக் கடத்துவதால் கீழ் ஓரம் மட்டும் நனையும். லோ-இ கண்ணாடி 17ஐ ஒட்டி இருக்கும். ஈரத்தை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நீர் படியும் எல்லை 9 டிகிரிக்கு இறங்கிவிடும். துணி காயப்போடுவதை நிறுத்துவதும், செடிக்கு மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுவதும் அதற்குப் பாதி வழி. புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் அல்லது கேஸ் ஹீட்டர் இங்கே கூடவே கூடாது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக அறைக்குள் வரும். இடுக்குகளை அடைத்த பிறகு கார்பன் மோனாக்சைடு அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

தரை

வெறும் காங்கிரீட்டின் மேல் டைல் ஒட்டிய தரை, குளிர்காலம் முழுவதும் பாதத்தைச் சில்லிட வைக்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஈரத் தடுப்புத் தாள், காங்கிரீட், அதன் மேல் 100 மில்லிமீட்டர் காப்புப் பலகை, மெல்லிய பாலிதீன், 65 முதல் 75 மில்லிமீட்டர் மேல்பூச்சு என்று போகலாம். மேல்பூச்சைச் சுற்றி ஓரத்தில் 25 மில்லிமீட்டர் காப்புப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் வெளிச்சுவர் வழியாகச் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். ஏற்கெனவே கட்டிய அறையில் அவ்வளவு உயர்த்தினால் கதவு திறக்காது. சிமெண்ட் முகம் கொண்ட 10 மில்லிமீட்டர் காப்புப் பலகையை ஒட்டி, அதன் மேல் மின்சூட்டுப் பாய், அதன் மேல் டைல் என்பதுதான் நடைமுறை. சதுர மீட்டருக்கு 150 வாட் பாய், சோஃபாவும் அலமாரியும் நிற்கும் இடம் போக 9 சதுர மீட்டர் என்றால் 1350 வாட். பலகை இல்லாமல் பாயை நேரே காங்கிரீட்டில் ஒட்டினால் சூட்டில் பெரும்பங்கு கீழே போய்விடும், டைல் சூடாவதற்குள் ராத்திரியாகிவிடும். பாயின் மின்தடையை மல்டிமீட்டரில் மூன்று முறை எழுதி வையுங்கள்: பெட்டியிலிருந்து எடுத்ததும், விரித்ததும், டைல் ஒட்டியதும். கொத்துக்கரண்டி பட்டு வயர் அறுந்திருந்தால் டைலுக்கு முன்பே தெரிந்துவிடும். தரை சென்சாரை ஒரு குழாய்க்குள் விடுங்கள், பழுதானால் உருவி மாற்றலாம். இணைப்பைக் கொடுப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

மெஷின், கடைசியாக

வாரத்துக்கு இரண்டு மாலை உட்காருகிறவருக்கு அகச்சிவப்புப் பேனல் போதும். காற்றைச் சூடாக்காமல் ஆளையும் நாற்காலியையும் சூடாக்கும், போட்ட சில நிமிடத்தில் தெரியும். தினமும் புழங்குகிறவர்களுக்குத் தரைச் சூடு, அல்லது குளிரும் சூடும் இரண்டும் தரும் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தருவதால் சாதாரண ஹீட்டரைவிட எவ்வளவோ மேல். உள்யூனிட்டை வீட்டுச் சுவரில் மாட்டி, கண்ணாடியை நோக்கி ஊதவிடுங்கள். அதன் சென்சார் கூரையருகே இருப்பதால் மேலே இருக்கும் சூட்டைப் பார்த்துக் குளிர்காலத்தில் சீக்கிரம் நின்றுவிடும். ரிமோட்டில் சென்சார் உள்ள மாடலாகப் பார்த்து, ரிமோட்டை மேசை மேல் நிழலில் வையுங்கள்.

வீட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவே உள்ள கதவைக் கழற்றி ஹாலைப் பெரிதாக்க ஆசை வரும். கழற்றாதீர்கள். பல இடங்களில் கட்டிட விதிகளே அதற்குத் தடை சொல்லும். வெளிக்கதவு தரத்தில், ரப்பர் வைத்த கதவு அங்கே நின்றால்தான் வீடு தப்பும். குளிர்கால மதியத்தில் இந்த அறை வீட்டைவிடச் சூடானதும் கதவைத் திறந்து அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடலாம். வெயில் சாய்ந்ததும் சாத்திவிட வேண்டும்.

உள்ளே போடும் சாமான் வேறு சங்கதி. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும், லேமினேட் கண்ணாடி கிட்டத்தட்ட முழுவதையும் தடுக்கும். மரத்தகடு ஒட்டிய மேசை ஓரத்தில் பிரிந்து எழும்பும், தோல் சோஃபா வெடிக்கும். நூலாக்குமுன்பே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணி, அலுமினிய நாற்காலி, பின்னிய செயற்கைப் பிரம்பு இவை தாங்கும். குளிர்கால வெயில் விழும் தரைப்பகுதியில் கம்பளம் விரிக்காதீர்கள், பகலில் டைல் வாங்கிவைத்த சூடுதான் மாலையில் அறைக்குத் திரும்பி வருகிறது. மெழுகு சிலிண்டர் மாட்டியிருந்தால் கடும் குளிருக்கு முன் உருளையைக் கழற்றி உள்ளே வையுங்கள், ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டு மூடுங்கள். உருளை மாட்டியபடியே தாழ்ப்பாள் போட்டுவிட்டால், வெயில் அடிக்கும் முதல் நாளில் பிஸ்டன் தள்ளி ஜன்னல் சட்டம் வளைந்துவிடும்.